மெல்வினுக்குப் பிடிக்காத பெயர்

யூஜின் ஹ்லவாட்டி பேப்பரைப் பின்பக்கத்திலிருந்துதான் பிரிப்பார். முதலில் பேஸ்பால், அடுத்தது மரண அறிவிப்புகள். சின்ன வயதில் அவர் தொண்டை கிழியக் கத்தி ரசித்த ஆட்டக்காரர்கள் இப்போது ஒருவர் பின் ஒருவராக அந்தப் பக்கத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கத்தரித்து ஓர் உறையில் போட்டுவைப்பார். ஏப்ரலில், கிளீவ்லாண்டில் சீசனின் முதல் ஆட்டம் நடக்கும் நாளில், ஃப்ளீட் அவென்யூவில் டாட்டியின் பாரில் பழைய ரசிகர்கள் கூடுவார்கள். அந்த வருஷம் போய்ச் சேர்ந்தவர்களின் பெயர்களை யூஜின் வாசிக்க, பெயருக்கு ஒரு மடக்கு பீர் குடிப்பார்கள்.

2023 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கத்தில் மெல்வின் ஜிமர்சனின் முகம் இருந்தது.

மெல்வின் ஆட்டக்காரர் இல்லை. பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் யூஜினோடு ஒரே பள்ளத்தில் நின்று, பஸ்களுக்கு அடியில் கிரீஸும் கையுமாக வேலை பார்த்தவர். நியூயார்க் மாநிலத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் பிழைக்க வந்த செனகா பூர்வகுடி. அதிகம் பேசமாட்டார். பேசினால் பேஸ்பால்தான். கோடைதோறும் யூஜினின் இடப்பக்கம் மெல்வின் உட்கார, இருவரும் எத்தனை ஆட்டம் பார்த்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

யூஜின் அறிவிப்பை இரண்டு முறை படித்தார். அடக்கம் முந்தின நாளே முடிந்திருந்தது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எதிர்பார்க்கவும் நியாயம் இல்லை. இருவரும் பேசிப் பத்தொன்பது மாதம் ஆகியிருந்தது.

சண்டை ஒரு பெயரால் வந்தது. 2021 ஜூலையில், பூர்வகுடிகளைக் குறிக்கும் இண்டியன்ஸ் என்ற பெயரை விட்டுவிட்டு இனி கார்டியன்ஸ் என்று கிளீவ்லாண்ட் அணி அறிவித்த அன்று, எல்லாரும் டாட்டியின் பாரில் இருந்தார்கள்.

"கார்டியன்ஸா? இது என்ன பேஸ்பால் டீமா, வாட்ச்மேன் கம்பெனியா?" என்று ஆரம்பித்துவைத்தார் ரூடி பெட்ராக். அவரும் டிப்போக்காரர்தான்.

யூஜினுக்குச் சூடேறிவிட்டது. "எங்கப்பா அந்தப் பேரச் சொல்லிக் கத்திக்கத்தியே செத்தாரு. எவனோ நாலு பேருக்கு மனசு நோகுதாம். இதோ நம்ம மெல் இருக்கான், அசல் செனகாக்காரன். அவனே ஒண்ணும் சொன்னதில்ல. என்னடா மெல்?"

மெல்வின் கிளாஸைக் கீழே வைத்தார். "நீ என்னைக் கேட்டதே இல்லையே, ஜீன்."

"இப்பக் கேக்குறேன்ல?"

"எனக்கு அந்தப் பேரு பிடிக்காது. எப்பவுமே பிடிச்சதில்ல."

"அப்புறம் எதுக்குடா அந்த டீம் தொப்பியப் போட்டுக்கிட்டு என் பக்கத்துல உக்காந்திருந்த?"

"தொப்பி போட்டது நீ. நான் போட்டு நீ என்னைக்காவது பாத்திருக்கியா?"

யூஜின் யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. ரூடி சிரித்ததில் ரோஷம் வந்தது. "அப்ப இத்தனை வருஷமும் என்கிட்ட நடிச்சியாக்கும்!" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மெல்வின் எழுந்து போனார். அதற்கப்புறம் வரவேயில்லை.

மெல்வினாக வருவார் என்று யூஜின் இருந்தார். போன டிசம்பரில் பழைய பந்துவீச்சாளர் கேலார்ட் பெர்ரி செத்த செய்தி வந்தபோது மட்டும் யூஜின் போனைக் கையில் எடுத்தார். பந்தில் களிம்பு தடவி வீசுகிறார் என்று ஊரே சிரித்த பெர்ரிமேல் மெல்வினுக்கு உயிர். 'சவப்பொட்டிக்குள்ளயும் ஒரு டப்பா கிரீஸ் வெச்சுத்தான் அனுப்பணும்' என்று சொன்னால் மெல் சிரிப்பான், எல்லாம் சரியாகிவிடும். நம்பரை அழுத்தப் போனவர், அவனே கூப்பிடட்டுமே என்று போனை வைத்துவிட்டார்.

இப்போது அந்தப் போனை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டு மூடினார்.

மெல்வினின் மகள் காரீன் வீட்டை ஒழித்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, சனிக்கிழமை புறப்பட்டார். வெறுங்கையோடு எப்படிப் போவது? ஃப்ரிட்ஜ் கதவில் இருபத்தேழு வருஷமாக ஒட்டியிருந்த புகைப்படத்தை எடுத்துக்கொண்டார். 1995 பேஸ்பால் உலகத் தொடரின்போது மைதானத்தில் எடுத்தது. ஒன்பது வயது காரீன் அணியின் பெயருக்கேற்ற காகித இறகுக் கிரீடத்தோடு நிற்கிறாள். கன்னத்தில் சிவப்புக் கோடுகள். பக்கத்தில் யூஜின், வாய் கொள்ளாத சிரிப்பு. கிரீடம் வாங்கித் தந்ததும் சாயம் பூசிவிட்டதும் அவர்தான். பிள்ளை இல்லாத அவருக்கு அந்தப் படம் ஒரு பொக்கிஷம்.

காரீன் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இதை இன்னுமா வெச்சிருக்கீங்க, அங்கிள்?"

"தினமும் பாப்பேன்மா."

"நான் இதுல அழுதுட்டிருக்கேன்."

யூஜின் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். அழுதுகொண்டுதான் இருந்தாள்.

"சுத்தி இருந்தவங்க எல்லாம் சினிமால வர்ற செவ்விந்தியர் மாதிரி வாயில கைய வெச்சுத் தட்டித்தட்டி ஊளை விட்டாங்க. என்னைப் பாத்து. அப்பாவப் பாத்து. கார்ல அப்பாவக் கேட்டேன், 'நாம வேஷமாப்பா?'ன்னு. அவரு ரேடியோவ நிறுத்திட்டு வண்டி ஓட்டுனாரு. அதுக்கப்புறம் நான் ஒரு ஆட்டத்துக்கும் போகல."

"உனக்கு பேஸ்பால் பிடிக்கலன்னுதானே மெல் சொன்னான்…"

"உங்க மனசு நோகக்கூடாதுன்னு சொல்லியிருப்பாரு. 'ஜீன் நல்லவன், அவனுக்குத் தெரியாது'ன்னு வீட்லயும் அதையேதான் சொல்வாரு."

யூஜின் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்திலிருந்த அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்தார். "என்னை மன்னிச்சிரும்மா" என்றார்.

"என்கிட்ட கேட்டுட்டீங்க, சரி. அப்பாகிட்ட கேட்டிருக்கணுமே, அங்கிள். கடைசி மாசம் போன் அடிச்சப்பல்லாம் 'ஜீனா பாரு'ன்னாரு."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீடு வந்தார்.

ஏப்ரலில் டாட்டியின் பாரில் யூஜின் பட்டியலை வாசித்தார். பெர்ரியின் பெயருக்கு எல்லாரும் குடித்தார்கள். கடைசியில் "மெல்வின் ஜிமர்சன்" என்றார்.

ரூடி கிளாஸைத் தூக்கினார். "பாவம் மெல். நம்மளோட சேந்து இண்டியன்ஸுக்குக் கத்துனவன். கடைசில யாரோ அவன் மனசக் கெடுத்துட்டாங்க."

"யாரும் கெடுக்கல, ரூடி. அவனுக்கு எப்பவுமே பிடிக்கல. நாமதான் கேக்கல." யூஜின் படத்தை எடுத்து மேசையில் வைத்து, காரீன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

"ஒரு காகித இறகுக்கா இவ்ளோ?" என்றார் ரூடி.

"அவளுக்கு ஒம்பது வயசுடா."

ரூடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, பழைய பெயரை உரக்கச் சொல்லிக் குடித்தார். இரண்டு பேர் கூடவே குடித்தார்கள். டாட்டி குடிக்கவில்லை. யூஜின் கோட்டை மாட்டிக்கொண்டு, ஆட்டம் தொடங்குமுன்பே வெளியேறினார்.

ஜூன் மாதம் தனியாக மைதானத்துக்குப் போனார். ஐந்தாவது சுற்றில் ஓடி வந்து தளத்தைத் தொட்டவனை நடுவர் அவுட் என்று சொல்லிவிட்டார். "பாத்தியாடா அநியாயத்த!" என்று யூஜின் இடப்பக்கம் திரும்பினார். அங்கே முன்பின் தெரியாத ஒரு பெண் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க, தப்புத்தான்" என்றாள் அவள், மரியாதைக்கு.