வரிசை எண் நாற்பத்து நான்கு

கொல்லிமலையின் பழைய பயணியர் மாளிகைக்குப் பிரிசில்லாதான் பொறுப்பாளர். சொந்த ஊர் பாளையங்கோட்டை. கணவனும் மகளும் அங்கே. இவள் ஆறு வருஷமாக இங்கே, வெள்ளைக்காரன் காலத்து மேசை நாற்காலிகளோடு. மொத்தம் நாற்பத்து மூன்று சாமான்கள். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளை பெயிண்டில் ஓர் எண். எண் இருந்தால்தான் அரசாங்கத்துக்கு அந்தப் பொருள் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நம் அலுவலகங்களின் வேதாந்தம் அவ்வளவுதான்.

கூடத்தில், சுவரின் மேலேயே தீட்டிய பெரிய ஓவியம் ஒன்று இருந்தது. மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சி சந்தையை எந்தக் காலத்திலோ யாரோ வரைந்தது. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஒருத்தரும் வராதபோது பிரிசில்லா அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். மலையில் அவளுக்கு வேறு கூட்டம் ஏது?

மூன்று வருஷத்துக்கு முன் வெள்ளையடிக்க வந்தவர்கள் அந்தச் சுவரை நெருங்கினார்கள். இவள் தடுத்தாள்.

"இது பதிவேட்டுல இல்லீங்களே மேடம்" என்றார் கான்ட்ராக்டர்.

உடனே சுவரின் மூலையில் 44 என்று எழுதி, பதிவேட்டிலும் ஏற்றிவிட்டாள்: 'ஓவியம், ஒன்று. ஆண் 19, பெண் 22, நாய் 1.' சுவர் பிழைத்தது. தன் சாமர்த்தியத்தை நினைத்து அன்றைக்கு அவளுக்கே சிரிப்பு.

இந்த மே மாதம் சொந்த ஊருக்கே மாறுதல் வந்தது. மகள் பிளஸ் டூ போகிற வருஷம். மாளிகையை மூடுகிறார்கள்; சாமான்களை நாமக்கல் அலுவலகத்துக்கு அனுப்பி, பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பவேண்டியதுதான். லாரி வந்தது. நாற்பத்து மூன்றும் ஏறின. எடுத்துப்போக வந்த அதிகாரி குணசேகரன் பட்டியலைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

"இதை எப்படி மேடம் லாரியில ஏத்தறது?"

"அது இங்கேயே இருக்கட்டும் சார். அப்படியே எழுதிக்கோங்க."

"நாப்பத்து நாலும் வந்துச்சுன்னு நான் கையெழுத்துப் போடணுமுங்க. ஒண்ணு கொறஞ்சாலும் உங்களை விடுவிக்க முடியாதுங்க. மேல எழுதிக் கேட்டா ரெண்டு வருஷம் இழுத்துரும்."

மனுஷர் கெட்டவரில்லை. குரலைத் தாழ்த்தி வழியும் சொன்னார்.

"அழிஞ்ச பொருளுன்னா நானே நீக்கிரலாமுங்க. ஒரு வாளி சுண்ணாம்பு போதும். ஈரத்துல போயிருச்சுன்னு எழுதிக்கறேன். திங்கக்கிழமை நீங்க உங்க ஊட்டுல இருக்கலாம்."

காவலாளி சின்னுசாமி சுண்ணாம்பு கரைத்துக் கொண்டுவந்து வைத்தார். பிரிசில்லா பிரஷ்ஷை நனைத்தாள். வீட்டுக்குப் போகவேண்டும், மகள் பக்கத்தில் இருக்கவேண்டும். ஓரத்தில் மிளகு விற்கிறவளிடமிருந்து தொடங்கலாம் என்று கையைத் தூக்கினாள். கை போகவில்லை. பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு, பதிவேட்டில் 44க்கு நேரே 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

லாரி போனது. உட்கார நாற்காலிகூட இல்லாத கூடத்தில், தரையில் அமர்ந்து மகளை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"இந்த வருஷமும் அம்மாவால வர முடியாதுடா."



"சரிம்மா. எங்களுக்குப் பழகிப்போச்சு" என்றாள் மகள்.

கோபித்துக்கொண்டிருந்தால் பிரிசில்லா தாங்கியிருப்பாள்.