இருநூற்றுப் பதினாறு மூங்கில் பிரஷ்கள்

1. காகிதத்தில் வந்த கொத்து

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு, வேலை தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, பேக்கிங் பிரிவு ஸ்டெல்லா என் மேசையில் ஒரு காகித மடிப்பையும் குழந்தைகள் பல் துலக்கும் மூங்கில் பிரஷ் ஒன்றையும் வைத்தாள். மடிப்புக்குள் நைலான் நார்க் கொத்து. அதன் அடியில் குருணை அரிசி அளவுக்குப் பித்தளைத் தகட்டுத் துணுக்கு ஒட்டியிருந்தது. கொத்தைக் குழிக்குள் பிடித்து நிறுத்தும் அந்தத் தகட்டை ஆங்கர் என்போம்.

"சாரே, இது எம்பிள்ள வாயில இருந்து எடுத்தது. பல்லு இடுக்குல குத்தி நின்னுது. அவ கத்துன கத்துல பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்துட்டா."

"வேற ஏதும் முழுங்கிட்டாளா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? எண்ணிப் பாருங்க. இஞ்ச எண்ணுறதுக்குத்தானே நீங்க இருக்கிய."

எண்ணினேன். தலையில் இருபத்துமூன்று குழி, இருபத்திரண்டு கொத்து, காகிதத்தில் ஒன்று. மூன்று முறை எண்ணியும் கணக்கு சரியாக இருந்தது. பிள்ளை எதையும் விழுங்கவில்லை. ஆனாலும் பிரஷின் லாட் எண்ணைப் புத்தகத்தில் தேடினேன். அந்த லாட்டில், அதாவது ஒரே தடவையில் செய்த தொகுதியில், 216 பிரஷ். அத்தனையும் தரமானவை என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

நான் வெளியூரில் எஞ்சின் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபத்தொன்பது ஆண்டு தரப் பரிசோதகனாக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு, இராஜாக்கமங்கலம் பக்கத்தில் கிறிஸ்துதாஸ் நடத்தும் மூங்கில் பிரஷ் யூனிட்டில் அதே வேலைக்குச் சேர்ந்தேன். இது ஐந்தாவது வருடம்.

இருபது பிரஷுக்கு ஒன்றை எடுத்து, ஸ்பிரிங் தராசில் மாட்டிக் கொத்தை இழுப்பேன். ஒன்றரைக் கிலோ இழுப்புக்கு வரக்கூடாது. அந்த லாட்டில் பதினொன்றை இழுத்தேன். பதினொன்றும் நின்றன. மெஷினிலிருந்து வந்த சூட்டோடு, உலர்ந்த பிரஷை இழுத்தேன் என்பதுதான் நான் செய்த தவறு. இரும்பு தண்ணீர் பட்டால் உப்பாது. இருபத்தொன்பது ஆண்டு இரும்போடு பழகிய புத்தி அப்படித்தான் வேலை செய்தது. மூங்கில் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். எங்கள் கடலோரத்தில் மழை மாதங்களில் பல் துலக்கிய பிரஷ் காய்வதே இல்லை.

அந்த லாட்டோடு செய்ததில், 216 போகக் கூடுதலாக ஆறு பிரஷைச் சாம்பிளாக எடுத்து வைத்திருந்தேன். மூன்று தடவை நனைத்து மூன்று தடவை டிரையரில் உலர்த்தினேன். மாலை நாலு மணிக்கு இழுத்தால், எழுநூறு கிராமிலேயே நான்கில் கொத்து கழன்று வந்துவிட்டது.

2. முதலாளியின் அறை

216 பிரஷும் போனது ஒரே ஊருக்கு. ஸ்டெல்லாவின் கடற்கரை ஊர்தான். அந்த ஊர்த் தேவாலயப் பங்கில் கடற்கரையைச் சுத்தம் செய்யும் குழுவினர், பிளாஸ்டிக்கைக் குறைக்க வேண்டும் என்று சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒன்றாக வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

"எல்லாத்தையும் திரும்ப வாங்கணும் தம்பி," என்றேன்.

கிறிஸ்துதாஸ் கல்ஃபில் பதினான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து இந்த யூனிட்டைத் தொடங்கியவர். தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, எந்த பிரஷ்ஷுலதான் நாரு கழறல? வாற ஆளுக்கு வேற மாத்திக் குடுப்போம். கோயில் மைக்குல சொன்னா பொறவு யூனிட்டப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

"வாற ஆளு யாரு? பிள்ள தகட்ட முழுங்குன பொறவு வாற ஆளா?"

"சவத்த, உங்களுக்கு எல்லாத்துலயும் பயம். போன மாசம் அட்டப்பெட்டி மூல மடங்கியிருக்குன்னு அம்பது பெட்டியத் தள்ளுனிய."

"அம்பத்திரண்டு. அதுக்கும் இதுக்கும் என்ன? நீங்க வரல்லேன்னா நான் மட்டும் போயிச் சொல்லுதேன். கையெழுத்து என்னோடது."

நான் மேசையில் வைத்த, கொத்து கழன்ற பிரஷை எடுத்து அவர் திருப்பிப் பார்த்தார். பிறகு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "வாருங்க, ஃபாதரப் பாப்போம்," என்றார்.

3. வீடு வீடாக

அந்தப் பங்கில் ஒன்பது அன்பியங்கள். அன்பியம் என்றால் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. பிரஷ்கள் அவர்கள் வழியாகத்தான் போயிருந்தன. ஒன்பது பொறுப்பாளர்களிடமும் அன்றே சொல்லி, யாரும் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று வீடுகளுக்குத் தெரிவித்தோம். ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் மைக்கில் அறிவித்தார். கோயில் முற்றத்தில் மேசை போட்டு உட்கார்ந்தேன். ஸ்டெல்லா கொண்டுவந்ததையும் சேர்த்து, பகல் ஒரு மணிக்குள் 171 வந்துவிட்டன. பாக்கி நாற்பத்தைந்து.

அந்த நாற்பத்தைந்துக்காக ஆறு நாள் நடந்தேன். ஸ்டெல்லா கூட வந்தாள். ஒரு வீட்டில் பிரஷ் பிரிக்காமல் பீரோவில் இருந்தது.

"ஃபாதர் தந்தத திருப்பிக் கேக்கியளே, வெக்கமில்லியா?" என்றாள் அந்த வீட்டுக்காரி.

"சாரு ராத்திரி ஒறங்க மாட்டாரு அக்கா, குடுத்திரு," என்றாள் ஸ்டெல்லா.

இன்னொரு வீட்டில் அதை வைத்து வள்ளத்து எஞ்சினின் பிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கறுத்த பிரஷையும் எண்ணிப் பையில் போட்டேன். ஒருத்தி அதை சவூதியில் இருக்கும் புருஷனுக்கு அனுப்பிவிட்டிருந்தாள்.

"ஏட்டி, அது பிள்ளைக்குள்ள பிரஷ்லா?" என்றாள் ஸ்டெல்லா.

"அவருக்கும் வாயி சின்னதுதான். எங்கிட்ட மட்டுந்தான் பெருசாத் தெறக்கும்."

அவரை வாட்ஸ்அப்பில் பிடித்து, பிரஷை இரண்டாக ஒடித்துப் படம் அனுப்பச் சொன்னேன். படம் வந்த பிறகே டிக் போட்டேன்.

சனிக்கிழமை மாலை 215. ஒன்று மட்டும் இல்லை. அந்த வீடு பூட்டிக் கிடந்தது. மீன்பிடித் தொழிலுக்காகக் குடும்பத்தோடு கொல்லம் போயிருக்கிறார்கள், மூன்று வயதுப் பிள்ளையும் கூடப் போயிருக்கிறது என்றார்கள். போன் எண் யாரிடமும் இல்லை. ஞாயிறு பூசைக்கு வந்தவர்களிடமெல்லாம் எண் கேட்டுப் பார்த்தேன்.

4. கொல்லத்துப் போன்

திங்களன்று அந்த வீட்டுப் பெண் பிரமிளாவின் எண் அவளுடைய நாத்தனாரிடமிருந்து கிடைத்தது.

"அம்மா, பிள்ளைக்குத் தந்த மூங்கில் பிரஷ் கையில இருக்கா?"

"அதுவா சாரே? நாரு வெரிஞ்சு போச்சுன்னு இஞ்ச வாறதுக்கு முன்னயே தூர எறிஞ்சாச்சு."

"கொத்து ஏதும் கழன்று பிள்ள வாயில..."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பிள்ள சொகமா இருக்கா."

நாற்காலியில் சாய்ந்தேன். 216. பழக்கதோஷத்தில், என் பட்டியலில் கடைசிக் கட்டத்தை நிரப்புவதற்காக, எங்கே எறிந்தாள் என்றும் கேட்டேன்.

"கடலுலதான்."

"கடலுலயா? என்னத்துக்கும்மா?"

"பெட்டியில நீங்கதானே எழுதியிருந்திய, முழுசும் மக்கிப் போவும்னு? குப்பையில போட்டா பிளாஸ்டிக்கோட சேத்து எரிச்சிருவாங்க. இது மக்குற சாமான்லா, கடலுக்கு ஒண்ணும் செய்யாதுன்னுதான் அங்க போட்டேன். தப்பா சாரே?"

"உங்க தப்பு இல்லம்மா," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"கணக்கு முடிஞ்சுதா சாரே?" என்று ஸ்டெல்லா கேட்டாள். டிக் போடாமல் பேனாவை மூடினேன். கைப்பிடி மக்கும். நைலான் மக்காது. எனக்கு அது தெரியும், கிறிஸ்துதாஸுக்கும் தெரியும். பெட்டியின் மாதிரி அச்சு வந்தபோது எழுத்துப் பிழை இருக்கிறதா, நிறம் சரியா, மூலை நேராக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். முழுசும் மக்கும் என்ற வரி மெய்யா என்று பார்க்கவில்லை.

அந்த வாரமே வரியை மாற்றினோம். கைப்பிடி மூங்கில், நார் நைலான், எறியும்முன் கொத்துகளைப் பிடுங்கித் தனியே போடவும் என்று இப்போது இருக்கிறது. விற்பனை குறையும் என்று கிறிஸ்துதாஸ் முனகினார், ஆனால் மாற்றினார். குழியின் அளவைக் குறைத்தோம், மூங்கிலைக் கூடுதல் நாள் உலர்த்துகிறோம். நனைத்து உலர்த்தாமல் நான் எந்தப் பிரஷையும் இழுப்பதில்லை.

வாங்குகிறவர்கள் மென்மையான நாராகப் பாருங்கள். முதல் நாள் தண்ணீரில் ஊற வைத்து, விரலால் பிடித்து நாலைந்து கொத்தை இழுத்துப் பாருங்கள். வருவது வந்துவிடட்டும். நார் எதனால் செய்தது என்று பெட்டியில் இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். துலக்கியதும் உதறி, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள், பெட்டியில் இருப்பதை ஒருவர் அப்படியே நம்பி நடப்பார் என்று நினைத்துக்கொண்டு படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பழைய வரியோடு வெளியே போன பெட்டிகளைச் சரக்குப் புத்தகத்தில் கூட்டிப் பார்த்தேன். முப்பத்தொன்பதாயிரத்து நானூற்றுப் பத்து. எந்தக் கடையில், எந்த வீட்டில் என்று தெரியாது. அறிவிப்புக்கு மைக் இல்லை, பொறுப்பாளர்கள் இல்லை. 216-க்கே இரண்டு வாரம் ஆனது.