டீப்பெட்டிக்குள் இருந்த சீசர்

ஈரச் சாக்கைச் சிமெண்டுத் தரையில் இழுத்துப் போனால் வருமே ஒரு சத்தம், அதுதான் முதலில் கேட்டது. பள்ளிக்கூடம் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்த நான் எட்டிப் பார்த்தேன். எங்கள் சீசர் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, பின்பக்கம் முழுவதையும் யாருடைய மூட்டையையோ சுமப்பதுபோல் இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் வரை குட்டை மதில்மேல் ஏறி ஓணான் துரத்திய நாய் அது.

அறுபதுகளின் கடைசியில் அரூரில் நாங்கள் குடியிருந்தது ஒரு "லைன் வூடு". ஒரே ஓட்டுக் கூரையின்கீழ் வரிசையாகக் குடித்தனங்கள், முன்னால் பொது முற்றம், ஓரத்தில் பொதுக் கிணறு. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது அடுப்பில் ஏறும் முன்பே எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாயின் இடுப்பை யாரோ உடைத்திருக்கிறார்கள், ஒருத்தரும் பார்க்கவில்லை என்றால் நம்ப முடியுமா? நான் நம்பவில்லை. பொதுவாகவே நான் எதையும் லேசில் நம்புகிற பிள்ளை இல்லை. பால்காரர் அளக்கும்போது பாலைப் பார்க்காமல் அவர் கட்டைவிரலைப் பார்ப்பேன். சாமி கும்பிடும்போது ஒரு கண்ணைத் திறந்து, மற்றவர்கள் நிஜமாகவே கும்பிடுகிறார்களா என்று பார்ப்பேன். "இவளுக்குப் போலீசு புத்தி" என்று அப்பா சொல்வார். அப்பா சேலம் போகிற பஸ்ஸில் டிரைவர். அதைச் சொல்வதற்குக்கூட அவர் வீட்டில் இருப்பது அபூர்வம்.

என் சந்தேகம் பஞ்சுக்கார பாய் மேல் விழுந்தது. கடைசி வீட்டில் மெத்தை தைத்துக்கொண்டிருந்தவர். பஞ்சு அடிக்க ஆள் உயரத்துக்கு மூங்கில் குச்சி வைத்திருந்தார். சீசருக்கோ அடித்து வைத்த பஞ்சுக் குவியலில் போய்ப் படுத்தால்தான் மத்தியானத் தூக்கம் வரும். குச்சியும் இருக்கிறது, கோபத்துக்குக் காரணமும் இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

லைனுக்குச் சொந்தக்காரரான வீட்டுக்காரம்மா மட்டும் எந்த மனிதர் மேலும் சந்தேகப்படவில்லை. அவர் சந்தேகம் நாயின் மேலேயே இருந்தது. "இது அடியில்லீங்க. வெறி. மொதல்ல பின்னங்காலுதான் வுழும்" என்றார். அவருடைய அக்கா மகன் நல்லம்பள்ளியில் நாய் கடித்துச் செத்தவன். அவனைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்தவர் என்பதால் அவர் பேச்சை யாரும் தட்டவில்லை.

அம்மா சீசரைப் பழைய புடவையில் சுற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டு "மாட்டாஸ்பத்திரி"க்கு நடந்தாள். பின்னாலேயே நானும் போனேன். டாக்டர் அதன் முதுகெலும்பை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சீசர் அலறியது. "முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க்கு பிதுங்கி நரம்ப அழுத்துதுன்னு நெனைக்கிறேன். நீள ஒடம்பு, குட்டைக் காலு. குதிச்சுக் குதிச்சே இப்படி ஆகும், யாரும் அடிக்கணும்னு இல்லை. அசையவுடாம ஒரு பெட்டிக்குள்ள போட்டு வைங்க" என்றார்.

"வெறி இல்லைங்களே?" என்று அம்மா கேட்டாள்.

டாக்டர் கை கழுவிக்கொண்டே, "இப்ப சத்தியம் பண்ண மாட்டேம்மா. பத்து நாளு உசுரோட இருந்துச்சுன்னா இல்லைன்னு வெச்சுக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் காத்திருந்தவர்களிடம் அம்மா சொன்னது இதுதான்: "முதுகுல டிஸ்க்காமா. வேற ஒண்ணும் இல்லைன்னுட்டாருங்க." நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அம்மா மேலும் ஒரு கண் வைத்தேன்.

மளிகைக் கடையில் தேயிலை வந்திறங்கிய காலி மரப்பெட்டி, டீப்பெட்டி என்போம், ஒன்று வாங்கி வந்து, படுக்கவைத்து, வாய்ப்பக்கம் சட்டம் வைத்து மறைத்து, சீசரை உள்ளே விட்டோம். வினையே அங்கேதான் வந்தது. "ஒண்ணுமில்லாத நாய எதுக்குங்க அடைச்சு வெக்கறாங்க?" என்று லைன் முழுக்கப் பேச்சு. குணமாக வேண்டுமானால் அடைத்து வைக்க வேண்டும். அடைத்து வைத்தால் வெறி என்பது உறுதியாகிவிடும். வெளியே விட்டால் கால் போகும், உள்ளே வைத்தால் உயிர் போகும்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரம்மா பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீரோடு வந்தார், கூடவே நாலைந்து பேர். வெறிபிடித்த நாய் தண்ணீரைக் கண்டால் மிரளும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சோதனை. கிண்ணத்தைப் பெட்டிக்கு முன்னால் வைத்தார்கள். சீசர் பார்த்தது, மூக்கைச் சுருக்கியது, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பாத்தீங்களா. நாளைக்குப் பஞ்சாயத்து ஆளுங்கள வரச் சொல்லிர்றேன். புள்ளைங்க நடமாடுற வூடு" என்றார் வீட்டுக்காரம்மா.

பஞ்சாயத்து ஆட்கள் கழியின் நுனியில் கம்பி வளையத்தோடு வருவார்கள், அதில் மாட்டிய நாய் உயிரோடு திரும்பாது என்பது எனக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா கிணற்றடிக்குப் போனாள். இரண்டு செங்கல்லை எடுத்து வந்து அடுக்கி, அதன்மேல் கிண்ணத்தை வைத்தாள். குனிந்தால்தான் சீசருக்கு வலி. நிமிர்ந்த முகத்துக்கு நேராகத் தண்ணீர் வந்ததும் நாலு நக்கு நக்கியது.

"நாலு நக்கெல்லாம் கணக்கில்லீங்க" என்றார் வீட்டுக்காரம்மா.

"அக்கா, இங்க பாருங்க" என்று சொல்லி, அம்மா சட்டத்தை விலக்கி வலது கையைச் சீசரின் வாய்க்குள் கொடுத்தாள். அது அந்தக் கையை மெல்லக் கவ்வி, விரல் விரலாக நக்கியது. "வெறியா இருந்தா மொதல்ல எனக்குத்தான வரும்? அதுவரைக்கும் வுட்டு வைங்க."

வீட்டுக்காரம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று காலை பூசணிக்காய் நறுக்கும்போது அரிவாள்மணை அம்மாவின் வலது கை ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்திருந்தது. அது எனக்கு மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு அம்மாவின் போக்கே சரியில்லை. கிணற்றடியில் துணிசோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். தம்பிக்குச் சோறு பிசைந்து ஊட்டுவதை நிறுத்தி, அவன் கையில் ஸ்பூனைக் கொடுத்தாள். அவளுடைய தட்டும் டம்ளரும் தனியாக ஜன்னலுக்குப் போயின. படுக்கையைச் சமையல்கட்டுக்கு மாற்றிக்கொண்டாள். விடிந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டே நிற்பாள். பிறகு கடைசிச் சொட்டு வரை குடிப்பாள். ஏதோ வேண்டுதல் என்று நினைத்தேன், எங்கள் மேல் கோபமோ என்றும் நினைத்தேன். பெரியாஸ்பத்திரியில் வெறிநாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? போனால் மறுநாளே லைனுக்குத் தெரிந்துவிடும், சீசரைக் கம்பியில் மாட்டிவிடுவார்கள். அதனால் போகவில்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

பாய் ஒரு கூடை பஞ்சு கொண்டுவந்து பெட்டிக்குள் பரப்பினார். அடித்தவன் எதற்குப் பஞ்சு தருகிறான் என்று நான் ஒவ்வொரு பிடியாகப் பிரித்துச் சோதித்தேன். டாக்டர் சொன்னதைக்கூட நான் முழுசாக நம்பியிருக்கவில்லை. "ஊசி கெடைச்சா குடு பாப்பா, போன வாரம் ஒண்ணு தொலைச்சுட்டேன்" என்று பாய் சிரித்தார்.

தினமும் உப்பு ஒத்தடம். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, வேலியோரம் கொண்டுபோய் ஒன்றுக்கு விடுவது. பின்னங்கால்களைப் பிடித்துச் சைக்கிள் மிதிப்பதுபோல் மடக்கி நீட்டுவது. அது என் வேலை. கூடவே நானாகச் சேர்த்துக்கொண்ட வேலை, கால்விரலைக் கிள்ளிப் பார்ப்பது. ஒருநாள் கிள்ளியதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, என்னை முறைத்துப் பார்த்தது.

டாக்டர் சொன்ன பத்து நாளும் கடந்துவிட்டது. அம்மா அதையும் நம்பவில்லை. அவள் டம்ளர் ஜன்னலிலேயே இருந்தது. பிறகு ஒரு மத்தியானம், துண்டு என் கையிலிருந்து நழுவிவிட்டது. சீசர் விழவில்லை. குடித்தவன்போல் தள்ளாடி முற்றத்தைக் கடந்து, வீட்டுக்காரம்மா காயப்போட்டிருந்த புளிக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து ஒன்றுக்கு இருந்தது. "ஏனுங்க, உங்க நாயி..." என்று கத்திக்கொண்டு வந்தவர் பாதியில் நின்றார். "நடக்குதுங்களே" என்றார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, செத்துப்போன அக்கா மகன் பெயரைச் சொல்லி அழுதார். அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் அம்மா குண்டான் நிறையச் சோறு பிசைந்து எங்கள் கையில் உருட்டிப் போட்டாள். எனக்குப் பசியே இல்லை, ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சீசர் கடைசிவரை கொஞ்சம் கோணலாகவே நடந்தது, மதில் ஏறவே இல்லை. லைன் வீட்டை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். கிணறு எந்தக் கடைக்கு அடியில் போனது என்றுகூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஓசூரில் என் மகன் வளர்க்கும் நாய்க்கும் இதே டிஸ்க் வந்தது. ஸ்கேன் எடுத்துவிட்டு அதே பெட்டி வைத்தியம்தான் சொன்னார்கள். அதன் வெறிநோய்த் தடுப்பூசிச் சீட்டு சரியாக இருந்ததால் யாருக்கும் பயமில்லை. எதிர்வீட்டுக்காரர்களுக்கு அங்கே ஒரு நாய் இருப்பதே தெரியாது.

அம்மா உயிரோடு இருந்தபோது ஒருமுறை கேட்டேன்: "அது வெறி இல்லைன்னு உனக்கு எப்படிம்மா அவ்வளவு நிச்சயமாத் தெரியும்?"

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"எனக்கெங்கடி தெரியும்? தெரிஞ்சிருந்தா வாயால சொல்லியிருப்பனே. கைய எதுக்கு வெக்கறேன்?"