ஏற்றிப் பார்த்து வாங்கிய வண்டி

எனக்குச் சொந்தமாக ஒரு கார் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர், இன்ஷூரன்ஸில் என் பெயர், டீசல் தீர்ந்தால் போன் வருவதும் எனக்குத்தான். அதை நான் ஓட்டியது மொத்தம் மூன்று வளைவுத் தூரம். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், சிரித்தால் எனக்குக் கோபம் வரும் என்பதால் இதுவரை சொல்லவில்லை.

நான் கொல்லிமலையில் பிறந்து, இங்கேயே கிராம சுகாதார செவிலியராக வேலை பார்க்கிறவள். பல சிற்றூர்கள் சேர்ந்ததை இங்கே நாடு என்போம். எங்கள் எடப்புளி நாட்டில் ஊர் என்பது ஓரிடத்தில் இருக்காது. இங்கே நாலு வீடு, பள்ளத்தைத் தாண்டி ஆறு வீடு. தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவளுக்கு பஸ் பாதி வழிதான் உதவும். மீதி வழிக்கு ரோட்டோரம் நின்று வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்ட வேண்டும். ஏற்றிக்கொண்டவர் சொல்கிற கதையைக் கேட்க வேண்டும், இறங்கும்போது சிரிக்க வேண்டும், மறுநாள் அவர் எதிரே வந்தால் மறுபடியும் சிரிக்க வேண்டும். ஆறு வருடம் இப்படிச் சிரித்துச் சலித்துப் போனேன். யாரையும் எதிர்பார்க்காமல் வேலைக்குப் போய் வர ஒரு கார் வேண்டும் என்பதுதான் என் ஆசை. இருபத்தெட்டு வயதில் லீவு போட்டு நாமக்கல்லில் தங்கி ஓட்டக் கற்றேன். லைசென்ஸ் முதல் தடவையிலேயே கிடைத்தது.

சேந்தமங்கலத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தன் சின்ன வெள்ளைக் காரை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். விலை என் சேமிப்புக்குள் அடங்கியது. ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னார். அடியிலிருந்த கம்பியை இழுத்ததும் இருக்கை வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. நான் குள்ளம். என் இரண்டு கால்களும் மூன்று மிதிகளிலும் சரியாகப் போய் உட்கார்ந்தன. ஸ்டீயரிங் உறையில் ஒரு கிழிசலை நீல நூலால் தைத்திருந்தார்கள். அந்தத் தையலின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தது.

அங்கேயே அட்வான்ஸ் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. ஏனென்றால் எங்கள் பக்கம் ஜீப் வாங்கினாலும் ஆட்டோ வாங்கினாலும் முதலில் 'ஏத்திப் பாக்கணும்.' அடிவாரத்தில் காரவள்ளியிலிருந்து சொந்தபந்தங்களை வண்டி நிறையத் திணித்து, எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள். மூச்சு வாங்காமல் ஏறினால் நல்ல வண்டி. ஏறும் வண்டிக்கு வேறு குறையே இருக்க முடியாது என்பது எங்கள் மலையின் நம்பிக்கை. நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, இருபது வருடம் லாரி ஓட்டியவர். வீட்டில் கயிறு வாங்குவதென்றாலும் அவர் இழுத்துப் பார்க்க வேண்டும். அவரும் அப்பாவும் அம்மாவும் இன்னும் ஐந்து பேரும் ஏற்றிப் பார்க்க வந்து இறங்கியதைக் கண்டு வாத்தியார் மிரண்டு போனார்.

"நாலு பேருக்கு மேல ஏத்தாதீங்க. நாலு பேரோட எத்தனையோ தடவை நானே மேல போய்ட்டு வந்திருக்கேனுங்க" என்றார்.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். "ஏத்திப் பாக்க உடாதவர்கிட்ட நமக்கென்ன பேச்சு? வா கண்ணு."

வாத்தியார் சொன்னது உண்மை. உண்மையைச் சொன்னதால் அவர் வண்டி எங்களிடம் விலைபோகவில்லை.

அடுத்த வாரம் ராசிபுரத்தில் ஏழு பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி ஒன்றை மாமாவே பிடித்தார். அதன் தரகர், எத்தனை பேரை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளுங்கள், நானும் வருகிறேன் என்றார். பதினோரு பேர் ஏறினோம். மாமா ஓட்டினார். நான் பின்னால், யாரோ ஒரு சித்தியின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாங்கப்போகிறவள் நான் என்பதை அந்தக் குழந்தை உட்பட எல்லோரும் மறந்திருந்தார்கள்.

பாதி மலையில் டீக்கு நிறுத்தியபோது கேட்டேன். "நான் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாக்கட்டுங்களா மாமா?"

"ஊட்டுக்கு வந்துட்டா உன்ற வண்டிதான சாமி, தெனமும் நீதான ஓட்டப்போற. இப்ப உள்ள பதனோரு உசுரு இருக்குது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது. வண்டி எழுபதாவது வளைவையும் திக்காமல் திணறாமல் ஏறியது. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பலாப்பழம் எத்தன ஏத்துனாலும் தாங்குமுங்க" என்று மாமாவிடம் சொன்னார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

என் சேமிப்பு முழுவதும் போய் வண்டி வந்தது. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, சந்தனம் குங்குமம் வைத்து வாசலில் நிறுத்தினார்கள். மறுநாள் காலை யூனிபார்மோடு போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். கிளட்ச் எட்டவில்லை. அடியில் கம்பியைத் தேடி இழுத்தேன். இருக்கை அசையவில்லை. இறங்கிக் குனிந்து பார்த்தேன். இருக்கை நகரும் தண்டவாளத்தைத் தரையோடு சேர்த்து வெல்டிங் வைத்திருந்தார்கள். முன்பு ஓட்டியவன் நெட்டையனாக இருந்திருக்க வேண்டும். இன்ஜினைப் பார்த்தோம், புகையைப் பார்த்தோம், டயரைப் பார்த்தோம், பதினோரு பேரை ஏற்றிப் பார்த்தோம். ஓட்டப்போகிறவளுக்குக் கால் எட்டுமா என்று பதினோரு பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. அந்தப் பதினொன்றில் நானும் ஒருத்தி.

முதுகுக்குத் தலையணை வைத்து ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது வளைவில் தலையணை நழுவியது. பிரேக்கைத் தேடிய கால் காற்றை மிதித்தது. வண்டி தடுப்புச் சுவரை உரசி நின்றது. வீட்டுக்குத் திரும்ப மாமாவுக்குத்தான் போன் செய்தேன்.

செம்மேட்டில் மெக்கானிக் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் வண்டிய உடுங்க, அறுத்து மாத்தித் தாரேன்" என்றார். இரண்டே இரண்டு நாள். அந்த வாரம் மிளகு இறக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக் கல்யாணம். பிறகு மரவள்ளிக் கிழங்கு, பிறகு பலா, பிறகு யாருக்கோ வயிற்றுவலி என்று கீழே போக வேண்டும். அவசரத்துக்கு வண்டி தர மாட்டேன் என்று எந்த செவிலியர் சொல்வார்? "அவசரமென்ன கண்ணு, மாமன் இருக்கறனே, கூப்பட்டா வாரேன்" என்பார் மாமா. கூப்பிட்டால் கிழங்கோடு எங்கேயாவது இருப்பார். இரண்டு வருடமாகிறது. அந்த இரண்டு நாள் இன்னும் கிடைக்கவில்லை. நல்லவர் மாமா. நல்லவர்களிடம் சண்டை போட எனக்குத் தெரியவில்லை, அதுதான் என் கேடு.

போன மாதம் நாமக்கல்லில் மீட்டிங் முடிந்து திரும்பும்போது காரவள்ளியில் பஸ்ஸை விட்டுவிட்டேன். ரோட்டோரம் நின்றேன். என் வண்டியே வந்தது. உள்ளே ஆட்கள், மேலே உரமூட்டை. மாமா வேகத்தைக் குறைத்து, "உள்ள எடமில்ல சாமி, பொறத்தால பஸ்ஸு வருது" என்று கத்திவிட்டு ஏறிப் போனார். பின் கண்ணாடியில் ஆயுத பூஜைக்கு நான் வைத்த குங்குமம் காய்ந்து கறுத்திருந்தது.

பஸ் வரவில்லை. ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்தது. பழக்கத்தில் கை தானாக உயர்ந்தது. ஓட்டி வந்த பெண், புதிதாக மலைக்கு மாற்றலாகி வந்த அரசு ஊழியர். ஊர் தஞ்சாவூர்ப் பக்கம் என்றார். என்னைவிடக் குள்ளம். ஸ்டீயரிங்குக்கு நெருக்கமாக இருக்கையை இழுத்துப் போட்டிருந்தார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் கட்டைவிரலுக்குக் கீழே அந்த நீல நூலைப் பார்த்தேன்.

கார் ஒவ்வொரு வளைவாக ஏறியது. எங்கும் மூச்சு வாங்கவில்லை. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். எங்காவது ஓரிடத்தில் திணற வேண்டும் என்று மனதார வேண்டினேன்.

"சேந்தமங்கலத்துல ஒரு சார்கிட்ட வாங்கினேன்" என்றார் அவர். "வாங்குறதுக்கு முன்னாடி இந்த மலையில நானே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன். நமக்கு ஒத்து வருதான்னு பார்க்கணும்ல?"

நான் தலையாட்டினேன்.

"நீங்க கார் ஓட்டுவீங்களா சிஸ்டர்?"

மடியிலிருந்த பைக்குள்தான் லைசென்ஸ் இருந்தது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியாதுங்க" என்றேன்.