அகல டயரும் காரைதீவு மழையும்

சென்ற செவ்வாய்க்கிழமை நடுவீதியில் எங்கள் கார் மிதந்தது. ஓட்டியவர் என் மனைவி றிஸ்வானா. பக்கத்து இருக்கையில் நான். அதை மிதக்க வைத்ததும் நான்தான்...

றிஸ்வானா அட்டாளைச்சேனையில் கணிதம் படிப்பிக்கிறார். கல்முனையிலிருந்து தினமும் தன் சின்னக் காரில் போய் வருவார். இரண்டு மாதத்துக்கு முன் அந்தக் காருக்குப் பெரிய அலோய் சில்லுகளும் அகல டயர்களும் பூட்டினேன். ஓட்டமும் கூடும், பிடிப்பும் கூடும் என்று வீட்டில் ஒரு விரிவுரையே நடத்தினேன்.

முதல் நாளே அவர் சொன்னார்: "கார் சோம்பலா எழும்புது. ஸ்டியரிங்கும் பாரமா இரிக்கி."

"புது டயர்தானே. பழகினாச் சரி."

"ஆரு பழகணும்? டயரா, நானா?"

பெற்றோலும் முன்னையைவிடச் சீக்கிரம் முடிந்தது. நான் கவனிக்காதது போல இருந்துகொண்டேன். காய்ந்த வீதியில், வளைவுகளில் கார் நன்றாகத்தான் பிடித்தது. என் பக்கம் இருந்த ஒரே சாட்சி அது. அதை வைத்துக்கொண்டே இரண்டு மாதம் வாதாடினேன்!

செவ்வாய் காலை நல்ல மழை. அக்கரைப்பற்றில் எனக்கொரு வேலை இருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன். காரைதீவைத் தாண்டியதும் வீதியில் தண்ணீர் பரந்து நின்றது. முன்னால் ஓர் உழவு இயந்திரம்; அது இழுத்துப்போன பெட்டியில், தலையில் பொலித்தீன் உறையைக் கவிழ்த்தபடி இரண்டு பெண்கள்.

தண்ணீருக்குள் இறங்கியதும் ஸ்டியரிங் இலேசானது. கார் நேராகப் பெட்டியை நோக்கி வழுக்கியது.

"பிரேக்க அமத்துங்க" என்றேன்.

"கதைக்காதீங்க."

அவர் பிரேக்கைத் தொடவில்லை. எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். ஸ்டியரிங்கை அசையாமல் பிடித்திருந்தார். இரண்டு மூன்று விநாடிதான்... டயர் தரையைத் தொட்டது உடம்புக்கே தெரிந்தது. அதன் பிறகு மெதுவாகப் பிரேக் பிடித்தார். பெட்டிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற இடம் இருந்திருக்கும்.

உழவு இயந்திரம் தன்பாட்டில் போய்விட்டது. றிஸ்வானா காரை ஓரமாக நிறுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்த ரெண்டு பேரையும் கண்டீங்களா?"

"ஓம்."

"ஒராளுக்கு நம்மட உம்மாட வயசிருக்கும்."

மறுபடி காரை மெதுவாக எடுத்தார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பின்னேரம் நேரே, அந்த டயர்களைப் பூட்டிய கடைக்குப் போனோம். கடைக்காரரை மூத்த அண்ணன்போல் அழைத்து றிஸ்வானாதான் கதைத்தார். "உண்மையச் சொல்லுங்க காக்கா. இந்த டயர் என்ட காருக்கு நல்லமா?"

கடைக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். "பார்வைக்கு நல்லம் டீச்சர். காஞ்ச ரோட்டுல நல்லாப் புடிக்கும். ஆனா அகலம் கூடினா, கீழால தண்ணி வெளிய போறது கஷ்டம். அதான் மிதக்கிற. சில்லு பாரம் கூடினா இந்தச் சின்ன இஞ்சினும் இழுக்கக் கஷ்டப்படும்."

"பூட்டக்குள்ள ஏன் இதச் சொல்லல்ல?"

"இவர் என்னக் கேக்கல்லயே. இவர்தான் எனக்குச் சொன்னார்."

கடையில் இருந்த பெஞ்சில் நான் போய் உட்கார்ந்துகொண்டேன். வேறென்ன செய்ய?

அன்றைக்கே பழைய அளவுச் சில்லும் டயரும் காருக்கு ஏறின. வியாழன் காலை மறுபடி மழை; நானும் கூடப் போனேன். அதே இடம், அதே தண்ணீர். வேகத்தை நன்றாகக் குறைத்து, றிஸ்வானா அமைதியாகக் கடந்து போனார். "கார் இப்ப சொன்னாக் கேக்குது" என்று மட்டும் சொன்னார். அது காரைப் பற்றித்தானா என்று நான் கேட்கவில்லை.

பெரிய இஞ்சினும் பந்தயத் திடலும் உள்ளவர்களுக்கு அகல டயர் உதவட்டும். மாரியில் பாதி வீதி தண்ணீருக்குள் கிடக்கிற நமக்கு, காரைச் செய்தவன் சொன்ன அளவு போதும். எந்த அளவு என்கிறீர்களா? சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால், ஓரத்தில் சின்னதாக ஒட்டியிருக்கும்.

எங்கள் வீட்டில் அதை முதலில் வாசித்தவர் கணக்கு டீச்சர்தான்.