தேயிலை மணம் ஏறிய மாண்டலின்

பாதி வாடிய தேயிலைக் கொழுந்துக்குத் தனி மணம் ஒன்றுண்டு. அறுத்த புல்லும் கனிந்த பழமும் கலந்தாற்போன்ற அம்மணத்தை ஒரு மாண்டலினின் வயிற்றுக்குள்ளிருந்து முகர்ந்தவர்கள், எங்கள் வீட்டாரையும் சித்தூர்க்காரர் ஒருவரையும் தவிர வேறு எவரும் இருக்க முடியாது.

எழுபதுகளில், ஏலப்பாறைக்கு அருகிலிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் "லயத்தில்", ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த தொழிலாளர் வீடுகளுள் ஒன்றில், நாங்கள் வாழ்ந்தோம். பங்களாவின் பூந்தோட்டத்தைப் பேணிய என் தாத்தாவுக்கு, தாயகம் திரும்பிய வெள்ளைக்காரத் "துரை" கொடுத்துச் சென்ற அந்த மாண்டலின், அவருக்குப்பின் அப்பாவின் தங்கையான என் அத்தையின் மடிக்கு வந்திருந்தது. தானே தட்டித் தடவிக் கற்ற ஏழெட்டுப் பாடல்களை அவள் மாலைதோறும் வாசிப்பாள். எனக்குப் பத்து வயதான ஆண்டில் அவளுக்கு ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. கட்டணத்துக்கு வேறு வழியில்லாமையால், அதனை விற்பதென்று அவளே முடிவுசெய்தாள். ஏலப்பாறையில் ஒரு கல்யாணக் கச்சேரியில் வாசிக்க வந்திருந்த அந்தச் சித்தூர்க்காரர் மேலோட்டமாகப் பார்த்து, இருநூறு ரூபாய்வரை பெறும் என்றும், மறுநாள் வந்து நன்கு சோதித்து எடுத்துக்கொள்வதாகவும் சொல்லிச் சென்றார்.

அப்பாவுக்குத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் வேலை. ஆனிச் சாரலில் மாண்டலினின் முதுகில் படர்ந்திருந்த பூஞ்சை அவர் கண்ணை உறுத்தியது. ஈரம் போனால் ஓசையும் விலையும் கூடும் என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, அத்தை அறியாமல் அதனைச் சாக்கில் சுற்றி எடுத்துச்சென்று, வெப்பக் காற்று வீசும் மேல்தளத்தில், கொழுந்து பரப்பிய வலையின்மேல் வைத்துவிட்டார். இலையின் ஈரத்தை விரல்நுனியால் அறிந்தவருக்கு, கொழுந்துக்கு ஆவது மரத்துக்கும் ஆகும் என்பதில் ஐயமே எழவில்லை. காலையில் எடுத்தபோது முதுகுப்பலகை இணைப்பு விட்டுப் பிளந்திருந்தது. அதனை அப்படியே அத்தையின் கையில் கொடுத்தார்; அவள் பிளவை விரலால் தடவிப் பார்த்தாள்.

சித்தூர்க்காரர் வந்தார். கழுத்து வளைந்திருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் நோக்கினார்; எட்டுத் தந்திகளையும் இரண்டிரண்டாகச் சுண்டினார்; கழுத்தின் குறுக்கே பதித்த மெட்டுக் கம்பிகளின் தேய்மானத்தை நகத்தால் தடவி, நாள்தோறும் வாசித்த கை என்று மெச்சினார். அவர் திருப்பிப் பார்க்குமுன் அத்தையே அதனைக் கவிழ்த்தாள்.

"இதையும் பாத்துக்கிடுங்க, அண்ணாச்சி."

"ஏனுங்க அம்மிணி, நேத்து வெறும் பூஞ்சைதானுங்க இருந்துது? துணியில தொடச்சாப் போயிருக்குமுங்களே. ஆருங்க இதக் காய வெச்சது?"

நான் வாயெடுத்தேன். அத்தை என் கையை அழுத்தினாள்.

"நாந்தான். அடுப்புமேல வச்சிட்டேன்."

அவர் மாண்டலினின் துளையருகே மூக்கை வைத்து முகர்ந்தார். பிறகு, அருகில் நின்ற அப்பாவின் தேயிலைக் கறையேறிய விரல்களைப் பார்த்தார்.

"உங்கூட்டு அடுப்புல தேயிலையத்தான் எரிப்பீங்களாட்ட இருக்குதுங்க," என்றார்.

ஒட்டவைக்கும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றிருபதுக்குமேல் தம்மால் இயலாது என்று வருத்தத்தோடுதான் சொன்னார். அப்பா தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவர்முன் வைத்து, இதற்கும் ஒரு விலை சொல்லும்படி கேட்டார். அத்தை தடுக்கப் போனாள்.

"பாக்டரிச் சங்கு ஊதுனா நேரம் தெரியாதா பிள்ள? எனக்கு எதுக்குக் கடியாரம்?" என்றார் அப்பா.

மாண்டலினை முகர்ந்தவர் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். குறைந்த எண்பதையும் சேர்த்துத் தந்தார்.

அத்தை தேவிகுளத்தில் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றாள். அப்பா கடைசிவரை வேறு கடிகாரம் வாங்கவில்லை. அவள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம், வீட்டில் எத்தனைபேர் இருந்தாலும், "மணி என்ன பிள்ள?" என்று அவளிடமே கேட்பார், அவளும் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பார்த்துச் சொல்வாள். இன்று அத்தொழிற்சாலை பூட்டிக் கிடக்கிறது, மேல்தளத்து வலைகள் துருவேறித் தொங்குகின்றன, சங்கு ஊதுவதில்லை, மாண்டலின் யாரிடம் இருக்கிறதென்று தெரியாது. அப்பாவும் இல்லை. முன்பு அவர் வேலை முடிந்து இறங்கிவந்த மாலைவேளையில், இப்போது என்னோடு வாழும் அத்தை மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, எவரும் கேளாமலே, "நாலாச்சு, அண்ணே" என்கிறாள்.