எட்டு கிலோவும் ஒன்பது வெள்ளிக்கிழமையும்

எடை குறைக்கச் சொல்லிக் கொடுக்கிற தொழில்ல இருக்கிறவங்களுக்கு ஒரு சாபம் உண்டு: கல்யாணப் பந்தியில உட்கார்ந்தா மொத்தப் பந்தியும் நம்ம இலையைத்தான் எட்டிப் பார்க்கும்.

பாகூர்ல ஒரு மருந்துக்கடை மாடியில எனக்கு ஒரு ரூம். ஒரு மேஜை, எடை மெஷின், உயரம் அளக்கிற கோல், அப்புறம் சுமதி. எடை பார்த்துச் சீட்டுல எழுதுறது அவ வேலை. வர்றவங்க எந்தத் தெரு, யாருக்கு யாரு சொந்தம்னு விசாரிக்கிறது அவளா எடுத்துக்கிட்ட வேலை. நான் சொல்லிக் கொடுக்கிறது பெரிய மந்திரம் எதுவும் இல்ல. ஆறு நாளைக்குச் சோறு, இட்லி, தோசை, கிழங்கு, சர்க்கரை கிடையாது. முட்டை, மீன், கறி, கீரை, காய் உண்டு. ஏழாவது நாள் அளவா சோறு. அந்த நாளுக்கு எங்க ரூம்ல சோத்து நாள்னு பேரு. எல்லாருக்கும் அது ஞாயித்துக்கிழமைதான். கறிக்குழம்பு கொதிக்கிற அன்னிக்குச் சோறு கூடாதுன்னு சொன்னா, அதுக்கப்புறம் யாரு என் மாடிப்படி ஏறுவாங்க?

உங்கள்ல பாதிப் பேர் இதை முயற்சி பண்ணியிருப்பீங்க. ஒரு வாரம் இறங்கி, மறுவாரம் ஏறி, வெறுத்துப் போயி மெஷினைக் கட்டிலுக்கு அடியில தள்ளியிருப்பீங்க. வெட்கப்படாதீங்க, என் வீட்டு மெஷினும் ரெண்டு வருஷம் அங்கதான் கிடந்தது.

யூரியா மூட்டை

சேலியமேட்டுக் கரும்பு விவசாயி ராஜாங்கம் முதல் ரெண்டு வாரத்துல மூணு கிலோ இறங்கிட்டார். ஆளு நடையே மாறிப்போச்சு. சனிக்கிழமை காலையில வெறும் வயித்தோட வந்துதான் எடை பார்க்கணும்னு சொல்லியிருந்தேன். மூணாவது வாரம் வயல் வேலையால சனிக்கிழமை வராம, திங்கக்கிழமை வந்து நின்னார். ஒண்ணே முக்கா கிலோ ஏறியிருந்தது. அவர் முகத்தைப் பார்க்கணுமே! "உடம்பு ஏறலைங்க, சோறு உள்ள போனா கூடவே தண்ணியையும் பிடிச்சு வெச்சுக்கும், ரெண்டு மூணு நாள்ல வடிஞ்சிடும், அதனாலதான் சோத்து நாளுக்கு மறுநாள் மெஷின் பக்கமே போகாதீங்கன்னு சொல்றேன்"னு தொண்டை வத்த விளக்கினேன். தலையை ஆட்டிக்கிட்டே இறங்கிப் போனார்.

அரை மணி நேரத்துல மாடிப்படியில தொம் தொம்னு சத்தம். மனுஷன் பிரிக்காத யூரியா மூட்டை ஒண்ணைத் தோள்ல தூக்கிட்டு வந்து மெஷின் மேல வெச்சார். மூட்டையில நாப்பத்தஞ்சு கிலோன்னு அச்சடிச்சிருந்தது. மெஷின் நாப்பத்தஞ்சு புள்ளி ஒண்ணு காட்டுச்சு. "அந்தப் புள்ளி ஒண்ணு சாக்கு எடை"ன்னு சுமதி தீர்ப்பு சொல்லிட்டா. அவர் இடுப்புல கைவெச்சு மெஷினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துட்டுச் சொன்னார்: "மெஷினு சரியாத்தான் இருக்குது. அப்ப பொய் சொல்றது என் வயிறுதானா மேடம்?"

ஆஸ்பத்திரிச் சீட்டு

குருவிநத்தத்துலேர்ந்து தனலட்சுமி அக்கா வந்தப்போ, உட்காரச் சொல்றதுக்கு முன்னாடியே ஒரு பெரிய ஆஸ்பத்திரிச் சீட்டை மேஜை மேல விரிச்சாங்க. நாப்பத்தாறு வயசு, எண்பத்தொரு கிலோ. ஒரே பையன் பிரபு, இருபத்திநாலு வயசு, ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, அவர் தர முடியாது. அக்காவோடது எல்லாமே பொருந்துது. ஆனா இந்த எடையோட ஆபரேஷன் பண்ண முடியாது, எட்டு கிலோ குறைச்சிட்டு வாங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். சாப்பாட்டு முறைக்கும் அவரே கையெழுத்து போட்டு அனுப்பியிருந்தார்.

என்கிட்ட வர்றவங்க கல்யாணப் புடவைக்காக வருவாங்க, முட்டி வலிக்காக வருவாங்க. புள்ளைக்குக் கிட்னி கொடுக்க எடை குறைக்க வந்தவங்க இவங்க ஒருத்தர்தான். எல்லாத்தையும் நிதானமா சொல்லிக் கொடுத்து, தினம் சாப்பிடுறதை எழுதிட்டு வரணும்னு ஒரு நோட்டும் கொடுத்தேன். நோட்டை வாங்கி மடியில வெச்சுக்கிட்டு அக்கா கேட்டாங்க: "கொறையலன்னா இன்னா மேடம் பண்றது? நான் குண்டா இருக்கறதுக்கு என் புள்ள இன்னா பண்ணுவான்?"

வடிச்ச தண்ணி

அதே வாரம் பூரணாங்குப்பத்துலேர்ந்து மீன் விக்கிற செல்வி வந்திருந்தாங்க. மீனுக்குப் பஞ்சமே இல்லாத வீடு, இந்த முறைக்குன்னே பொறந்த வீடுன்னு நான் கணக்கு போட்டிருந்தேன். ஒரு மாசம் ஆச்சு, எடை அசையல. காலையில என்ன, மதியம் என்னன்னு வக்கீல் மாதிரி குடைஞ்சேன். மீன், முட்டை, கீரை, எல்லாம் ஒழுங்கு.

"காலையில கடலோரம் கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணுமே குடிக்கறதில்லையா?"ன்னு கேட்டேன். "அது சாப்பாடா மேடம்?"னு சிரிச்சாங்க. ராத்திரி மிச்ச சோத்துல தண்ணி ஊத்தி வெச்சு, காலையில அதைப் பிசைஞ்சு, கரைச்சு, வடிச்சு, பெரிய சொம்புல ரெண்டு சொம்பு. வெயில்ல கூடை தூக்குற உடம்புக்கு அது எவ்வளவு குளிர்ச்சின்னு எனக்கும் தெரியும், திட்ட மனசு வரல. அது கரைஞ்ச சோறுதான்னு மெதுவா சொன்னேன். செல்விக்குக் கோவம் வந்துடுச்சு: "சோத்த மாட்டுக்குப் போட்டுட்டேன் மேடம், தண்ணியத்தான் குடிக்கறேன்! தண்ணியில இன்னா எடை இருக்குது?"

மூணாவது சனிக்கிழமை

தனலட்சுமி அக்கா முதல் சனிக்கிழமை எண்பத்தொண்ணரை. ரெண்டாவது சனிக்கிழமை எண்பத்திரெண்டு. மூணாவது சனிக்கிழமை எண்பத்திரெண்டரை. குறைய வேண்டியவங்க அரை அரை கிலோவா ஏறிட்டிருந்தாங்க. நோட்டைப் புரட்டினேன். திங்கள் முட்டை, முருங்கைக்கீரை. செவ்வாய் கத்தரிக்காய், மோர். வெள்ளிக்கிழமைக்கு நேரா மட்டும் மூணு வாரமும் 'விரதம்'னு ஒரே ஒரு வார்த்தை. பட்டினி கிடக்கிறாங்களேன்னு முதல் வாரம் நான் பாராட்டக்கூட செஞ்சேன், மடச்சி.

தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சு, அதுவும் சரி. எனக்குப் பொறுமை போச்சு. "அக்கா, நோட்டுல ஒண்ணு எழுதிட்டு வாயில வேற போடுறீங்க. என்னை ஏமாத்தி எனக்கு என்ன ஆகப்போகுது? காத்துட்டிருக்கிறது உங்க புள்ள"ன்னு கத்திட்டேன். அவங்க நோட்டை எடுத்துக்கிட்டு, கம்பியைப் பிடிச்சு மெதுவா படியிறங்கிப் போனாங்க. எனக்கு அன்னிக்குச் சாப்பாடு இறங்கல. என் மேலேயே எனக்கு அருவருப்பா இருந்தது. சுமதி அவ பங்குக்கு ஒண்ணு போட்டா: "அந்தம்மா பொய் சொல்ற மூஞ்சி இல்ல மேடம். நீங்க சரியா கேக்கல."

ஆத்தங்கரைக் கோயில்

வர்ற சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க முடியல. வெள்ளிக்கிழமை சாயங்காலமே சுமதியை ஸ்கூட்டர் பின்னாடி ஏத்திக்கிட்டு குருவிநத்தம் போயிட்டேன். மன்னிப்பு கேக்கணும், அவ்வளவுதான் என் திட்டம். வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலியில பிரபு உட்கார்ந்திருந்தான். மெலிஞ்ச கை, வீங்கின கண்ணு. "அம்மா கோயில்ல இருக்குது மேடம். வெள்ளிக்கிழமைனா மடிப்பிச்சை எடுத்து மண்சோறு துன்னும்"னு சொன்னான். எனக்கு அப்பவே பொறி தட்டுச்சு.

ஆத்தங்கரை மாரியம்மன் கோயில் வாசல்ல தரையைக் கழுவி விட்டிருந்தாங்க. இலை இல்ல, தட்டு இல்ல. ஈரத் தரையிலேயே வெல்லம் போட்ட பொங்கல், சின்ன மேடு மாதிரி கொட்டியிருந்தது. அதுக்கு முன்னாடி தனலட்சுமி அக்கா மஞ்சப் புடவையில உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கிட்டே தின்னுட்டிருந்தாங்க. விஷயம் இதுதான்: ஏழு வீட்டுல முந்தானை ஏந்தி அரிசி வாங்கணும். வாங்கின அரிசி மொத்தத்தையும் பொங்கி, ஒரு பருக்கை மிச்சம் வைக்காம அவங்களே தின்னு முடிக்கணும். மத்தவங்களுக்கா இருந்தா வீட்டுக்கு ஒரு பிடி போடுவாங்க. இது பிரபுவுக்காகன்னு தெரிஞ்சதும் தெருவே மனசு இளகி வீட்டுக்கு ரெண்டு கை நிறைய போட்டிருக்கு. சுத்தி நின்ன பொம்பளைங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டே "இன்னும் கொஞ்சம்தான் தனம், துன்னுடு"ன்னு தைரியம் வேற சொல்லிட்டிருந்தாங்க.

பகல் முழுக்கப் பட்டினி, சாயங்காலம் ஒரு பானைப் பொங்கல், மறுநாள் காலையில என் மெஷின்! அதுக்கு மேல ஞாயித்துக்கிழமை நான் கொடுத்த சோறு வேற. ராஜாங்கத்துக்கு அவ்வளவு விளக்கம் சொன்ன நான், இவங்களுக்குச் சனிக்கிழமைதான் மறுநாள்னு யோசிக்கவே இல்ல. "ஏன்க்கா இதை நோட்டுல எழுதல?"ன்னு பக்கத்துல குந்திக் கேட்டேன். கன்னத்துல பருக்கையோட நிமிர்ந்து பார்த்தாங்க: "வேண்டுதல எப்டி மேடம் சாப்பாட்டுல எழுதறது? எட்டு கிலோ எறக்கி வுடு தாயே, ஒன்பது வெள்ளி மண்சோறு துன்றேன்னு வேண்டிக்கினேன்."

பூசாரியோட தீர்ப்பு

சிரிக்கவா அழவான்னு தெரியாம நான் அழுதேன். வேண்டுதலை விடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்தத் தாய் மனசு ஆயுசுக்கும் என்னையா குத்தம் சொல்லும், தன்னையேதான் சொல்லிக்கும். பேசாம எழுந்து பூசாரிகிட்ட போனேன். "பூசாரிண்ணா, இந்தச் சோத்தை நாலு பேர் சேர்ந்து சாப்பிட்டா தப்பா?" அவர் தீபாராதனைத் தட்டைத் துடைச்சுக்கிட்டே, மிச்சம் வைக்கிறதுதான் தப்பு, தனம் கையால பொங்கி அவ முதல் வாய் தின்னா போதும்னு சொன்னார்.

அவ்வளவுதான், அரிசி போட்ட ஏழு வீட்டுப் பொம்பளைங்களும் புடவையைச் செருகிக்கிட்டு ஈரத் தரையில வரிசையா உட்கார்ந்துட்டாங்க. அக்கா பையிலிருந்த நோட்டை வாங்கி அங்கேயே மாத்தி எழுதினேன். இனிமே சோத்து நாள் வெள்ளிக்கிழமை. ஞாயித்துக்கிழமை குழம்பு மட்டும், சோறு இல்ல. எடை பார்க்கிறது வியாழக்கிழமை காலையில. சாமியும் சாப்பாட்டு முறையும் ஒரே நாள்ல முடிஞ்சது. எழுதி முடிச்சு நிமிர்ந்தா, எனக்கும் சுமதிக்கும் நடுவுல இடம் விட்டுச் சோத்தைத் தள்ளி வெச்சிருக்காங்க. எனக்கு அன்னிக்குச் சோத்து நாள் இல்லையேன்னு இழுத்தேன். பக்கத்துல இருந்த அம்மா என் தொடையில ஒரு தட்டு தட்டினாங்க: "பயப்படாம துன்னு மேடம், நாங்க பாகூர்ல யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்."

ஏழு பேர் படியேறி வந்தாங்க

அதுக்கப்புறம் மெஷின் எங்க பேச்சைக் கேட்டுச்சு. எண்பது, எழுபத்தொன்பது, நடுவுல ஒரு வாரம் அப்படியே நின்னு என் உயிரை வாங்குச்சு, அப்புறம் எழுபத்தெட்டு. ஒன்பது வெள்ளியும் முடிஞ்சு, அதுக்கப்புறமும் அக்கா விடாம பிடிச்சாங்க. ஒரு வியாழக்கிழமை எழுபத்திரெண்டு எண்ணூறு. சுமதி அந்த எண்ணைச் சத்தமா படிச்சதும் அக்கா மெஷின்லேர்ந்து இறங்கவே இல்ல. கீழே இறங்கினா ஏறிடுமோன்னு பயந்த மாதிரி ரெண்டு கையையும் நெஞ்சுல வெச்சு அப்படியே நின்னாங்க.

ஆபரேஷனுக்குத் தேதி கிடைச்ச வாரம், மாடிப்படியில ஒரே கூட்டம். மண்சோத்துக்கு உட்கார்ந்த ஏழு பொம்பளைங்களும் வரிசையா வந்து நின்னாங்க. ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு கிலோவுக்குக் குறையாம ஏறியிருந்தது. முன்னாடி நின்னவங்க கறாரா சொன்னாங்க: "தனத்துக்கு எறங்குனது எங்க மேலதான் ஏறிச்சு மேடம். நீங்க சொல்லித்தான் ஒக்காந்தோம், நீங்களே எறக்கி வுடுங்க."

ரெண்டு சீட்டு

ஆபரேஷன் முடிஞ்சு சில மாசம் கழிச்சு அம்மாவும் புள்ளையும் வந்தாங்க. பிரபு முகக்கவசத்தோட வந்தான், ஆனா படியை அவனே ஏறி வந்தான். கண்ணு வீக்கம் போயிருந்தது. சுமதி அவனுக்கும் ஒரு சீட்டு போட்டு மெஷின்ல ஏத்தினா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்ப இருந்ததை விட ரெண்டு கிலோ கூடுதல். நல்லா சாப்பிடுறான், வீக்கம் இல்ல, டாக்டரும் பார்த்துட்டு நல்ல ஏத்தம்தான்னு சொன்னாராம்.

அக்கா ரெண்டு சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. "ஒரு கிட்னி எத்தினி கிராம் இருக்கும் மேடம்?"னு கேட்டாங்க. நூத்தம்பது இருக்கும்க்கான்னு சொன்னேன். என் பேனாவை எடுத்து என் கையிலேயே திணிச்சாங்க: "அப்ப அந்த நூத்தம்பது கிராம என் சீட்டுல கழிச்சி, என் புள்ள சீட்டுல ஏத்தி எழுதுங்க மேடம்."

எடை குறைக்கிற தொழில்ல இத்தனை வருஷம் இருந்துட்டு, ஒருத்தன் ரெண்டு கிலோ ஏறினதுக்காகக் கீழே ஓடிப்போய் ஜிலேபி வாங்கிட்டு வந்து எல்லாருக்கும் ஊட்டிவிட்டவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன், அதுவும் அன்னிக்கு யாருக்குமே சோத்து நாள் இல்ல.